ஒரு கண்ணும் ஓர் ஊன்றுகோலும்



வேண்டுதல் பலித்தவர்களின் கதைகளுக்குத் தமிழில் குறைவில்லை. தலபுராணங்களைப் புரட்டினால் பக்கத்துக்கு ஒன்று கிடைக்கும். வேண்டினார், பெற்றார், கோயில் எழுப்பினார் என்று மூன்றே வினைகளில் அவை முடிந்துவிடும். வேண்டியும் கிடைக்காமல் நின்றவர்களின் கதை அத்தனை எளிதில் எழுதப்படுவதில்லை. எழுதப்பட்டாலும், அன்னார்க்கு நம்பிக்கை போதவில்லை என்றோ, முன்வினை விடவில்லை என்றோ ஒரு தீர்ப்பு வாசலிலேயே காத்திருக்கும். நோயுற்ற குழந்தைக்காகக் கோயில் கோயிலாக நடந்து, இறுதியில் வெறுங்கையோடு வீடு திரும்பிய தாயின் முகத்துக்கு நேரே அந்தத் தீர்ப்பைச் சொல்ல எவருக்கும் நா எழாது. மேடையில் மட்டும் அது தடையின்றி வருகிறது.

இந்தப் பொருளைக் கூசாமல் எடுத்துக்கொண்ட புலவர் ஒருவர் தமிழுக்கு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான்தாம் அவர். அவர் எடுத்துக்கொண்டதும் யாரோ ஓர் எளிய அடியவரின் கதையை அன்று. தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றவர், இறைவனிடம் பொன்னும் நெல்லும் கேட்டுப் பெற்றவர், காவியத்தின் தலைவர் என்றே கொள்ளத் தக்கவர். அந்தச் சுந்தரமூர்த்தி நாயனாரின் கதையை. நெருங்கிய நண்பனுக்கே பதில் வராத காலம் ஒன்று உண்டு என்று காட்டுவதற்கு இதைவிடத் துணிந்த தேர்வு இருக்க முடியாது.

கதை அவையோர் அறிந்ததுதான். எனினும் அதன் ஒரு மூலையைச் சற்று நின்று நோக்க வேண்டும். திருவொற்றியூரில் ஞாயிறு கிழார் மகளாராகிய சங்கிலியார் கன்னிமாடத்தில் இருந்து இறைவனுக்கு மாலை கட்டித் தொண்டு செய்கிறார். அவரைக் கண்ட சுந்தரர் அவரை மணம்செய்து தருமாறு இறைவனிடமே கேட்கிறார். இறைவன் சங்கிலியார் கனவில் சென்று எடுத்துரைக்க, அவர் தயங்குகிறார். திருவாரூரில் பரவையாரோடு வாழ்பவர் அன்றோ அவர்? ஆகவே, பிரியேன் என்று சபதம் செய்தாலன்றி இசைவதற்கில்லை என்று ஏற்பாடாகிறது. சபதம் செய்யச் சுந்தரர் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு ஒரு தந்திரமும் செய்கிறார். தாம் சந்நிதியில் சபதம் சொல்ல வரும்போது இறைவன் அங்கிருந்து அகன்று மகிழமரத்தடியில் இருக்க வேண்டும் என்பது அவர் வேண்டுதல். சாட்சி இல்லாத இடத்தில் செய்த சபதம் கட்டுப்படுத்தாது என்பது அவர் கணக்கு.

அந்த வேண்டுதலுக்கு இறைவன் உடனே இசைந்தார். இசைந்தபின் சங்கிலியாரின் கனவில் மீண்டும் தோன்றி, சபதத்தை மகிழின்கீழ் வாங்கிக்கொள் என்றும் சொல்லிவிட்டார். மறுநாள் தோழியர் மகிழமரத்தடியைக் காட்டியபோது சுந்தரருக்கு வேறு வழியில்லை. மகிழின் கீழேயே பிரியேன் என்று சொன்னார். தம் பொருட்டு ஓர் அடியவர் இப்படிச் சூளுற நேர்ந்ததே என்று சங்கிலியார் வருந்தினார் என்று சேக்கிழார் எழுதுகிறார். அந்த வருத்தத்தைக் குறிப்பிடாமல் கடந்து போயிருந்தால் அவர் வெறும் கதைசொல்லியாக நின்றிருப்பார்.

உடனே கிடைத்த வரம் எத்தகையது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் வரப்போகும் மௌனத்துக்கு விதை அந்த வரத்துக்குள்தான் இருக்கிறது. கேட்டது கேட்டபடி கிடைப்பதும் எப்போதும் அருள் ஆகிவிடுவதில்லை.

தென்றல் வீசும் காலம் வந்தது. திருவாரூர் வசந்தத் திருவிழா நினைவுக்கு வந்தது. பரவையாரின் ஆடலும் பாடலும் நினைவுக்கு வந்தன. சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த அளவில் இரு கண்களும் பார்வை இழந்தன.

இங்கே ஒரு சிறு குறிப்புத் தேவை. கண்ணிழந்த கதை சேக்கிழார் தம் காவியச் சுவைக்காகப் படைத்துக்கொண்டது என்று கருதுவோர் உண்டு. சுந்தரரின் பாடல்களே அதை மறுக்கின்றன. ஏழாம் திருமுறையின் 69ஆம் பதிகம் திருமுல்லைவாயிலில் பாடியது. அதில் சங்கிலியின் பொருட்டுத் தம் கண்ணைக் கொண்டவன் என்றே இறைவனை விளிக்கிறார். கண்ணோய், பழி, கோல், மறு கண் ஆகிய எல்லாம் பதிகங்களிலேயே உள்ளன. ஆனால் பதிகங்கள் பண்முறைப்படி அடுக்கப்பட்டமையால் இந்தப் பயணம் நூலில் சிதறிக் கிடக்கிறது. வெண்பாக்கத்துப் பதிகம் 89 ஆகவும், பின்னர்ப் பாடிய காஞ்சிப் பதிகம் 61 ஆகவும், முடிவில் பாடிய ஆரூர்ப் பதிகம் 95 ஆகவும் நிற்கின்றன. வழியைத் தேடிக் கோத்தவர் சேக்கிழார். இவ்வாறு கோத்துப் படிக்கும்போதுதான், தனித்தனியே நிற்கும் பக்திப் பாடல்கள் ஒரு மனிதனின் நீண்ட வழக்காகத் தெரியத் தொடங்குகின்றன.

ஒற்றியூரில் பாடினார். கண் வரவில்லை. முல்லைவாயிலில் பாடினார். வரவில்லை. பிறகு திருவெண்பாக்கம். அங்கே அவர் வேண்டிய முறை வேறு. பிழை செய்தால் பொறுப்பீர் என்று எண்ணியே பிழை செய்தேன். பொறுக்காவிட்டால் பழி உமக்குத்தான் வரும் என்கிறது அந்தப் பதிகம். பிழையை ஒப்புக்கொள்கிறார், ஒப்புக்கொண்ட பிழையின் பாதிச் சுமையை எதிரே இருப்பவர் தோளிலும் ஏற்றிவிடுகிறார். கடைசியில், கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்கிறார். கண்ணில்லாதவன் கேட்கக்கூடிய மிக இயல்பான கேள்வி அது. நம்பிக்கையுள்ள எவனும் தன் வாழ்வில் ஒருநாளாவது கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் அதுவே.

விடை வந்தது. இருக்கிறோம், நீர் போகலாம் என்ற பொருளில் வந்தது. மரியாதைப் பன்மையில் வந்தது என்பதுதான் அதில் உள்ள கூர்மை. தோழன் என்று உரிமை தந்தவர், தெருவில் எதிர்ப்பட்ட அயலாரிடம் பேசுவதுபோல் பேசிவிட்டார். பார்வை தரவில்லை, ஊன்றிக்கொள்ள ஒரு கோல் தந்தார்.

உரை செய்வோர் பலர் இந்த இடத்தில் விரைந்து கோலைப் புகழத் தொடங்கிவிடுவர். கண் கேட்டவனுக்குக் கோல் கிடைத்தது, அதுவும் அருளே என்று சமாதானம் சொல்வர். சுந்தரர் அப்படிச் சொல்லவில்லை என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். கோலுக்காக அவர் நன்றிப் பதிகம் ஒன்றும் பாடவில்லை. கிடைத்த விடையையே பாட்டுக்குள் வைத்துக் குறை சொன்னார். ஆனால் அந்தக் கோலை ஊன்றிக்கொண்டுதான் நடந்தார். நம்பிக்கை என்ற சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருள் எதுவாயினும், இந்த நிலைக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறொன்று பொருந்தவில்லை. கொடுத்தவரைக் கடிந்துகொண்டே, கொடுத்ததை ஊன்றி, அவரிருக்கும் அடுத்த ஊருக்குப் போவது.

திருவாலங்காடு, திருவூறல் என்று வழி நீண்டது. ஆலங்காட்டில், காரைக்காலம்மையார் தலையால் நடந்த தலம் என்பதால் உள்ளே புகாமல் வெளியிலிருந்தே பணிந்தார் என்பர். அம்மையாரும் இந்த வரிசையில் வைத்து எண்ணத் தக்கவரே. இடர் எப்போது தீர்ப்பீர் என்னும் வினாவோடுதான் அவருடைய அற்புதத் திருவந்தாதி தொடங்குகிறது. பேச்சுக் கற்ற நாள்முதல் அன்பு செய்தவர் கேட்கும் கேள்வி அது.

காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. ஒரு கண்தான். பாதி விடை. இந்த இடத்தில் சுந்தரரின் மனம் எப்படி இயங்கியது என்பது கவிஞர்களுக்குச் சிறந்த பாடம். பாதிதானே என்று அவர் முகம் சுளிக்கவில்லை. கம்பனைக் காணக் கண் பெற்றவாறு என்னே என்னும் வியப்பு அந்தப் பதிகத்தின் பாட்டுதோறும் திரும்பத் திரும்ப வருகிறது. கம்பையாற்றின் கரையில் உமை வழிபட்ட காட்சியும் அதில் விரிகிறது. நெடுநாள் காணாதிருந்தவன் காணும் முதற்காட்சி என்பதாலோ என்னவோ, அந்தப் பாடல்களில் நிறமும் ஒளியும் மிகுதி. பாதி பெற்றபோது முழுமனத்தோடு மகிழ்ந்தவர், அந்த மகிழ்ச்சியில் மறுபாதியை மறந்துவிடவும் இல்லை. திருத்துருத்தியில் உடலைப் பற்றிய நோய் குளத்தில் மூழ்கியதும் நீங்கியது. அதுவும் போதும் என்று அவர் நிற்கவில்லை. நேரே ஆரூர்.

ஆரூரில் பாடிய 95ஆம் பதிகம், தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் அமைந்த ஒரே பதிகம். எத்தனையோ பண்களில் எத்தனையோ நூறு பதிகங்கள் இருக்க, இந்த ஒரு பண் இந்த ஒரு சினத்துக்கு மட்டுமே பயன்பட்டிருக்கிறது. இதை நினைக்கும்தோறும் வியப்பு உண்டாகிறது. ஒவ்வொரு பாட்டும் வாழ்த்தையே வசையாக்கி, நன்றாக இரும் என்று விடைகொடுப்பதுபோல் முடிகிறது. கிராமத்தில் பங்காளிச் சண்டையில் வாசலைவிட்டு இறங்கும்போது சொல்லும் வாழ்த்து அது. கேட்டவருக்கு உறைக்கும்.

அந்தப் பதிகத்தில் ஒரு வழக்குமன்ற வாதம் நடக்கிறது. தம்மை விற்றுக்கொள்ளலாம், ஆனால் தாம் ஒற்றி வைக்கப்பட்டவர் அல்லர், விரும்பி வந்து ஆட்பட்டவர் என்கிறார். ஒற்றி என்றால் அடகு. ஒற்றியூர் என்பது கண் போன ஊரின் பெயர். அந்தச் சொல் அங்கே தற்செயலாக வந்து விழுந்திருக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. சுந்தரரின் கதை தொடங்குவதே ஓர் ஓலையில்தான். திருமணப் பந்தலில் கிழவேதியர் ஒருவர் அடிமை ஓலையோடு வந்து, இவன் எனக்கு அடிமை என்று வழக்காடி, திருவெண்ணெய்நல்லூரில் வென்றார். அன்று ஓலை காட்டி இழுத்துச் செல்லப்பட்டவர், இன்று அடகுப் பொருளல்லேன், விரும்பி வந்தவன் என்கிறார். எழுத்தால் வந்த அடிமைத்தனம் இடையில் எப்போதோ அன்பாக மாறிவிட்டது. அந்த மாற்றத்தைத் தாமே அறிவிக்கும் வேளை, அவர் மிகக் கடுமையாகச் சினந்திருந்த வேளையாகவும் அமைந்துவிட்டது.

வெண்பாக்கத்தில் பிழையுண்டு என்று ஒப்புக்கொண்டவர் ஆரூரில் குற்றம் ஒன்றும் செய்யவில்லை என்று சாதிக்கிறார். இரண்டும் ஒருவர் வாக்குத்தான். சிலர் இதனை முரண் என்பர். சிலர் தத்துவ விளக்கம் கூறிப் பொருத்திக் காட்டுவர். இரண்டுக்கும் தேவை இருப்பதாகத் தோன்றவில்லை. வேதனைப்படுகிறவன் ஒரே வாரத்தில் தன்னையும் நொந்துகொள்வான், தெய்வத்தையும் நொந்துகொள்வான். நோயாளியின் கட்டிலருகே ஓர் இரவு விழித்திருந்தவர்க்கு இது விளங்கும். வியப்பு என்னவெனின், இரண்டு பதிகங்களையும் திருமுறை காத்து வைத்திருக்கிறது. பணிவான வேண்டுதலை வைத்துக்கொண்டு சினந்த வேண்டுதலைக் களைந்துவிட எவருக்கும் தோன்றவில்லை. இரண்டும் இன்றும் கோயிலில் ஒரே பக்தியோடு ஓதப்படுகின்றன.

மேற்கே எபிரேயத் திருமறையிலும் இதற்கு ஓர் இணை உண்டு. யோபு என்னும் நல்லவன் மக்களை இழந்து, செல்வத்தை இழந்து, உடல் முழுதும் புண்ணாகிச் சாம்பலில் அமர்கிறான். நண்பர் மூவர் வந்து, கடவுள் நீதியுடையவர், ஆகவே நீ ஏதோ தவறு செய்திருக்க வேண்டும் என்று அதிகாரம் அதிகாரமாக விளக்குகின்றனர். யோபு ஒப்பவில்லை, கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். 42 அதிகாரங்கள் கொண்ட அந்நூலில் கடவுள் தம் பெருமொழியைத் தொடங்குவது 38ஆம் அதிகாரத்தில்தான். அப்போதும் யோபின் கேள்விக்கு விடை சொல்லவில்லை. பூமியை அமைத்தபோது நீ எங்கிருந்தாய் என்று எதிர்க்கேள்வி கேட்கிறார். முடிவிலோ அவருடைய சினம் யோபின்மேல் பாயவில்லை. கடவுளுக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மேல் பாய்கிறது. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்பது அவர்கள்மேல் வைக்கப்பட்ட குற்றம். பிறர் துன்பத்துக்குக் காரணம் கண்டுபிடித்துத் தரும் பெரியவர்கள் அந்த ஓர் அதிகாரத்தையாவது படிக்கலாம்.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. சுந்தரருக்கு ஆரூரில் மறு கண்ணும் கிடைத்துவிட்டது. யோபுக்கும் செல்வம் இரட்டிப்பாயிற்று, மக்கள் மறுபடியும் பிறந்தனர். முடிவில் கிடைத்துவிட்டவர்களைக் காட்டி, கிடைக்காதவர்களிடம் பொறுமை பேசுவது எளிது. யோபின் புதிய மக்கள் வந்தனர். இறந்த மக்கள் வரவில்லை. நூல் அதைப்பற்றி ஒன்றும் சொல்லாமல் முடிகிறது.

கேட்டது கேட்டபடி கிடைக்கவே கிடைக்காத கதையும் பெரியபுராணத்தில் உண்டு. திருநாவுக்கரசர் முதுமையில் கயிலை காணப் புறப்பட்டார். கால் தேய்ந்தபின் கையால் நகர்ந்தார், கை தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்தார், அதுவும் இயலாதபோது புரண்டார். எதிரே வந்த முனிவர், மானிடர் அடையத்தக்க இடமன்று, திரும்பும் என்றார். காணாமல் திரும்பேன் என்று அவர் மறுத்தார். கயிலை வரை அவர் செல்லவே இல்லை. பொய்கையில் மூழ்கு என்ற ஆணை வந்தது. மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். அங்கே பிடியும் களிறுமாக, பேடையும் சேவலுமாக இணையிணையாக வரும் உயிர்களைக் கண்டார். அவற்றில் அம்மையப்பரைக் கண்டார். அந்த உயிர்கள் தினந்தோறும் காவிரிக்கரையில் திரிவன. புறப்பட்ட நாளிலும் அவை அங்கே இருந்திருக்கும். தேய்ந்த கைகளை மீண்டும் தந்தனர் என்பது உண்மையே. மலை மட்டும் தரப்படவில்லை.

அவரே திருமறைக்காட்டில் கதவு திறக்கப் பாடியபோதும் தாமதம் நேர்ந்தது. கதவு அடைக்கச் சம்பந்தப் பிள்ளையார் பாடியபோது முதற்பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. முதியவர்க்குக் காத்திருப்பு, பிள்ளைக்கு உடனடி. காரணம் கூறும் உரைகள் பல உள்ளன. அன்றிரவு நாவுக்கரசர் மனம் அமைதியின்றிக் கிடந்தார் என்னும் செய்தி, அந்தக் காரணங்கள் அனைத்தையும்விட நெஞ்சில் தங்குகிறது.

இனிச் சங்கிலியாரிடம் திரும்ப வேண்டும். சுந்தரரின் வேண்டுதல் மறுக்கப்பட்ட கதையாகவே இதைப் படித்துப் பழகிவிட்டோம். ஒற்றியூரில் மாலை கட்டிக்கொண்டிருந்த பெண்ணின் பக்கமிருந்து படித்தால் இது வேண்டுதல் கேட்கப்பட்ட கதை. பிரியேன் என்று ஒருவர் சொன்ன சொல்லுக்கு அவள்பால் சாட்சி நின்றவர் இறைவன் ஒருவரே. அந்தச் சாட்சி, தன் தோழன் கதறினான் என்பதற்காக அன்றே புரண்டிருந்தால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? ஒருவருடைய மௌனம் மற்றொருவருக்கு நீதியாக இருந்திருக்கிறது. இவ்வளவும் சொன்ன பின்னும், சுந்தரர் ஒற்றியூருக்குத் திரும்பாமலே ஆரூரில் இரு கண்ணும் பெற்றுவிட்டார் என்பது நெருடுகிறது. சங்கிலியாரின் குரல் அதன்பின் காவியத்தில் ஓங்கி ஒலிக்கவில்லை. சேக்கிழாரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இக்காலக் கவிஞர் எவரேனும் அந்தக் கன்னிமாடத்தின் பக்கம் சென்று எழுதினால் தமிழுக்கு நல்லது.

காவியம் இதோடு நிற்கவில்லை. கண் பெற்ற சுந்தரரைப் பரவையார் வீட்டுக்குள் விடவில்லை. ஒற்றியூர்ச் செய்தி அவர் காதுக்கு வந்திருந்தது. சுந்தரர் மறுபடியும் இறைவனையே வேண்டினார். இறைவன் நள்ளிரவில் அருச்சகராக உருக்கொண்டு ஆரூர்த் தெருவில் நடந்து பரவையார் கதவைத் தட்டினார். பரவையார் மறுத்துவிட்டார். வெண்பாக்கத்தில் போகலாம் என்று சொல்லி அனுப்பியவர், தாமே ஒரு வாசலில் நின்று, கேட்டது கிடைக்காமல் திரும்பினார். திரும்பி வந்து செய்தி சொன்னார், தோழர் விடவில்லை. மறுபடியும் போனார். இரண்டாம் முறை தம் கணங்கள் சூழத் தம் வடிவத்தோடு சென்றபோதுதான் பரவையார் இசைந்தார். தெய்வமும் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது என்று சேக்கிழார் எழுதினாரே, அந்தத் துணிவு பிற்காலப் புராணங்களில் அருகிவிட்டது.

வெண்பாக்கத்தைப் பற்றி ஒரு செய்தி கூறவேண்டும். சுந்தரர் கோல் பெற்ற அந்தப் பழைய தலம் இன்று இல்லை. குசத்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டு 1944இல் நிறைவடைந்தபோது, ஊர் நீர்ப்பரப்புக்குள் வந்தது. கோயிலைப் பெயர்த்து நீர்த்தேக்கத்தின் அருகே புதிதாக அமைத்தனர். சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கிய அந்த ஏரியின் நீரைத்தான் சென்னை நகரம் குடிக்கிறது. புதிய கோயிலில் இறைவன் பெயர் ஊன்றீசுவரர். கோல் கொடுத்ததனால் வந்த பெயர். அம்மன் பெயர் மின்னொளியம்மை. கண்ணில்லாதவர் நடந்த வழியில் மின்னலாய் ஒளி காட்டியதாகத் தலத்தார் கூறுவர். சுந்தரர் அங்கே கோலூன்றி நிற்கிறார். காஞ்சிக்கு அங்கிருந்து தென்மேற்கே போக வேண்டும். வழியில் ஆலங்காடு உண்டு, ஊறல் உண்டு.